வாளியில் இருக்கும் குவாட்

நேயர்களுக்கு வணக்கம். மார்கழிப் பனியில் ஊட்டி, கோத்தகிரிப் பக்கம் விடுதி அறை துடைப்பவர்களுக்குச் சன்னலைத் திறக்க மனம் வராது. வாளியில் பெரும்பாலும் பென்சல்கோனியம் குளோரைடு இருக்கும். கடையில் பி.கே.சி. என்பார்கள். 'குவாட்' எனப்படும் குவாட்டர்னரி அம்மோனியம் குடும்பத்தைச் சேர்ந்த கிருமிநாசினி.

இதன் மூலக்கூறுக்குத் தலையும் வாலும் உண்டு. தலையில் நைட்ரஜன். நான்கு கார்பன் தொகுதிகள் அதைப் பற்றியிருப்பதால் நேர்மின்னூட்டம் அதை விட்டுப் போவதே இல்லை. வால் பெரும்பாலும் 12, 14 கார்பன் நீளம். தலை கிருமியின் சவ்வில் ஒட்ட, வால் உள்ளே நுழைந்து கிழித்துவிடும்.

நரம்பு தசைக்குச் சேதி அனுப்பும் அசெட்டைல்கோலினுக்கும் இதே மாதிரித் தலைதான். அது தசையில் சேதியை வாங்கும் ஏற்பியில் அமர்ந்தால் சோடியம் உள்ளே பாய்ந்து தசை சுருங்கும். கோலினெஸ்டெரேஸ் நொதி உடனே அதை உடைக்கும். குவாட்டுகள் ஏற்பியையும் தடுக்கும், நொதியையும் மந்தமாக்கும். அறுவை அரங்கில் தசையைத் தளர்த்தும் சக்சமெத்தோனியமும் ஒரு குவாட்டே. அதனால்தான் செறிவான பி.கே.சி.யைக் குடித்தவருக்கு வாயும் உணவுக்குழாயும் வெந்துபோவதோடு, மூச்சுத் தசைகளும் செயலிழக்கக்கூடும்.

அதற்காக, துடைப்பம் பிடித்த கை வழியே நரம்பு கெடும் என்று பயமுறுத்துவது மிகை. மின்னூட்டம் உள்ள பொருள் முழுத் தோலை எளிதில் கடக்காது, மூளைக்குள்ளும் சுலபமாகப் போகாது. கையில் எரிச்சலும் வெடிப்பும் வரும், கையுறை போதும். கண்ணும் மூச்சுக்குழாயும் அப்படியல்ல. சன்னல் சாத்திய அறையில் ஸ்பிரே அடித்தால் ஆஸ்துமா கிளம்பும். துணியில் நனைத்துத் துடையுங்கள்.

50 சதவீதக் கரைசல் என்றால் 10 லிட்டருக்கு 20 மில்லி, 0.1 சதவீதம் கிடைக்கும். குளிரில் திரவம் குழகுழவென்றாகும், கிருமியைக் கொல்வதும் மெதுவாகும். உடனே கரண்டிக் கணக்கில் ஊற்றுகிறார்கள். அளவைக் கூட்டாமல், தரை பத்து நிமிடம் ஈரமாக இருக்கவிடுங்கள். சோப்புத் தண்ணீரில் கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று முடக்கிவிடும். முதலில் சோப்பு, பிறகு நல்ல தண்ணீர், கடைசியில்தான் இது. பூனை வளர்ப்பவர்கள் தரை காயும்வரை அதை வெளியே விடுங்கள். ஈரத்தில் நடந்து பாதத்தை நக்கினால் நாக்கு புண்ணாகும்.

காலி பிராந்தி பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம்தான் எனக்குப் பெரிய கவலை. யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மேலே ஏறும்போதும் உணவுக்குழாய் வெந்துவிடும். வாயைக் கொப்பளிக்கச் சொல்லி 108ஐ அழையுங்கள். கேரட், உருளைக்கிழங்குக்கு அடிக்கும் பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்தும் அதே நொதியைத்தான் தாக்கும். ஆனால் அதற்கு அட்ரோபின் என்ற மாற்றுமருந்து இருக்கிறது. குவாட்டுக்குத் தனி மாற்றுமருந்து இல்லை, செயற்கைச் சுவாசம் தந்து காப்பாற்ற வேண்டும். எதைக் குடித்தார் என்று மருத்துவருக்குத் தெரிய, மருந்தின் அசல் லேபிள் உள்ள பாட்டிலையும் எடுத்துச் செல்லுங்கள். நன்றி, வணக்கம்.