அறிமுகமா, அவமானமா? அவமானமே! (புதுச்சேரி பட்டிமன்றத்தில் பேசியது)

நடுவர் அய்யாவுக்கும் அவைக்கும் வணக்கம். மழை வர்ற மாதிரி இருக்கு, நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

அல்பினிசம் உள்ளவங்களை சினிமா அறிமுகப்படுத்துதா, அவமானப்படுத்துதா? எங்க முத்தியால்பேட்டையில ஒரு அண்ணன் இருக்காரு. அவருக்கும் அல்பினிசம்தான்: பொறவியிலேயே உடம்புக்கு நிறம் தர்ற மெலனின் கம்மி. முடி, புருவம், இமை எல்லாம் வெள்ளை. வெயில் தாழ்ந்ததும் தொப்பியும் கூலிங் கிளாஸுமா காந்தி சிலை பக்கம் உக்காந்து காத்து வாங்குவாரு. ஒரு நாள் ஆட்டோக்காரத் தம்பி ஒருத்தன் வந்தான். "போன்ழூர் மிசியே! டெம்பிள்? ஃபைவ் ஹண்ட்ரட்!" அண்ணன் பேசல. "ஓகே மிசியே, ஃபோர் ஹண்ட்ரட்!" அப்பவும் பேசல. சரி, இங்கிலீஷ் புரியலபோலன்னு தம்பி ஒரு கைய மூக்குல வெச்சு தும்பிக்கையா ஆட்டி, மணக்குள விநாயகரையே நடிச்சுக் காட்டுறான்! அப்பத்தான் அண்ணன் வாயத் திறந்தாரு: "ஏன்டா, இங்கேர்ந்து கோயிலுக்கு நானூறு ரூபாயா? பிள்ளையாரே எலி மேல ஓசியில போறாருடா!"

இருங்க, கைதட்டல மிச்சம் வைங்க, இன்னும் முடியல. தம்பி அசரலையே! "தமிழ் சூப்பரா பேசறீங்க மிசியே, ஆரோவில்லா?" அண்ணன் சொன்னாரு, "முத்தியால்பேட்டைடா. உங்கப்பனும் நானும் ஒரே பெஞ்சு!" பின்வரிசைக்குக் கேக்கலயாம், மறுபடி சொல்றேன்: ஒரே பெஞ்சு!

தெருவுல ஆள் மாறிப்போனா சிரிச்சு ஒரு டீயோட முடிஞ்சிடும். சினிமாவுல வெள்ளை முடி வந்தாலே கையில கத்தி. 'தி டா வின்சி கோட்' எடுத்துக்கங்க. 2003-ல நாவல், 2006-ல படம். அதுல சைலஸ்னு ஒரு துறவி, அல்பினிசம் உள்ளவர், வேலை கொலை.

இதுக்கு எதிரணிப் பேராசிரியர் என்ன சொன்னாரு? "வில்லனுக்கு ஒரு கெட்டப் வேணாமா? படத்தைப் படமா பாருங்கம்மா. மொதல்ல உங்க கண்ணாடிய மாத்துங்க, எல்லாம் தெளிவா தெரியும்." நல்லா கைதட்டினீங்க, நானும் பார்த்தேன். அய்யா, கண்ணாடிக்கே வரேன். எனக்குப் பவர் ஏறினா கடைக்காரர் மாத்திக் குடுத்துடுவாரு. அல்பினிசம் உள்ளவங்க பலருக்குக் கண்ணாடி போட்டாலும் முழுப் பார்வை வராது. விழித்திரையோட நடுப்பகுதி சரியா வளர்றதில்ல, கண்ணு தானா ஆடிக்கிட்டே இருக்கும், வெளிச்சம் கூசும். ஆனா சைலஸ் ராத்திரி லூவர் மியூசியத்துல குறி வெச்சுச் சுடறாரு, கார் வேற ஓட்டறாரு! எங்க அண்ணன் அந்த ஆட்டோ நம்பரப் படிக்கணும்னா டயர் கிட்ட போய்க் குனியணும்யா. நாவல்ல சைலஸுக்கு இளஞ்சிவப்புக் கண்ணு. நெசத்துல பெரும்பாலும் நீலமோ சாம்பலோ பழுப்போதான். அமெரிக்காவுல அல்பினிசம் உள்ளவங்களோட அமைப்பு அப்பவே எதிர்ப்பு தெரிவிச்சுது. இப்ப சொல்லுங்க, கண்ணாடிய யாரு மாத்தணும்?

அறிமுகம்னா கிட்டார்ல பின்னின ஜானி விண்டரக் காட்டியிருக்கலாம், மாலி நாட்டுப் பாடகர் சாலிஃப் கெய்ட்டாவக் காட்டியிருக்கலாம், ரெண்டு பேருக்குமே அல்பினிசம்தான். தான்சானியாவுல இவங்க உடம்புறுப்பு அதிர்ஷ்டம் தரும்னு நம்பி ஆளையே வெட்டியிருக்காங்க. 2015-லேர்ந்து ஜூன் 13-ஐ ஐ.நா. இவங்களுக்கான விழிப்புணர்வு நாளா கடைப்பிடிக்குது. அப்படிப்பட்ட உலகத்துல கெட்டப்பாம் கெட்டப்!

அந்த அண்ணன் சின்னப் பையனா இருந்தப்ப அவங்க அம்மா ஒரு டப்பிங் படத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. திரையில வெள்ளை முடியோட ஒரு மந்திரவாதி. முன்வரிசைப் பிள்ளைங்க திரும்பி, இவரப் பார்த்து "பேய்! பேய்!"னு கத்துதுங்க. அந்தத் தாய் மடியில இருந்த முறுக்குப் பொட்டலம் கீழ விழுந்தது கூடத் தெரியாம, முந்தானையால புள்ள தலைய மூடி, இடைவேளைக்கு முன்னாடியே வெளிய வந்துட்டாங்க. "எம் புள்ள யாருக்கு என்ன பண்ணுச்சு"ன்னு கேட்டுக்கிட்டே வீடு வரைக்கும் நடந்தாங்களாம். இன்னைக்கு வரைக்கும் அந்த அம்மா தியேட்டர் வாசல மிதிக்கல.

மணி அடிச்சிட்டீங்க நடுவரே, கேக்குது. பேராசிரியர் அய்யா, வாசல்ல ஆட்டோ நிக்குது, காசு நான் தரேன். நேரா முத்தியால்பேட்டைக்குப் போய், அந்த அம்மா கிட்ட "படத்தைப் படமா பாருங்க"ன்னு சொல்லிட்டு வாங்க. நன்றி, வணக்கம்.