ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுத்தேன், பதில் எங்கே?

வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து பேசுகிறேன். பின்னால் நெடுஞ்சாலை லாரிச் சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கேன்சர் சிகிச்சை முடிந்தவர்களை 'ஸ்டடிக்கு வர்றீங்களா' என்று கூப்பிட்டால் போகலாமா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள்.

நான் போனேன். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து செக்கப்புக்குப் போய்வந்த சமயம். மருந்து ஒன்றும் தரவில்லை. ரத்தம் எடுத்தார்கள், நீளமாக ஒரு கேள்வித்தாள். 'உன்னைச் சோதனை எலி ஆக்கிடுவாங்க' என்று அம்மா அழாத குறை. எனக்கு அந்தப் பயம் வரவில்லை. நம்ம ஊர்க்கதை அப்படி. ஏ.பி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய்க்கு ஆர்சனிக் ட்ரையாக்சைடு மட்டும் கொடுத்துப் பார்க்கும் ஆய்வை வேலூர் சி.எம்.சி.யில் 1998-ல் தொடங்கினார்கள். பாட்டிகள் வெள்ளைப் பாஷாணம் என்பார்களே, அதேதான். அளந்து நரம்பில் ஏற்றினார்கள். 72 பேரில் 62 பேருக்கு நோய் அடங்கியது. 2006-ல் முடிவு வெளியானது. அந்த 72 பேரும் சரி என்று சொல்லாமல் இருந்திருந்தால்?

ஆனால் என்னோடு கீமோ எடுத்த அக்காக்கள் சொல்லும் காரணம் வேறு. 'உயிரைக் காப்பாத்தின டாக்டரம்மா கேக்கறாங்க, எப்படி மாட்டேன்னு சொல்றது?' இது எனக்கு உறுத்துகிறது. நன்றி வேறு, சம்மதம் வேறு. மறுத்தாலும் உங்கள் சிகிச்சை குறையக்கூடாது, பாதியில் விலகவும் செய்யலாம். படிவத்தைத் தமிழில் கேளுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். புது மருந்து ட்ரயல் என்றால், ட்ரயல்களைப் பதிவு செய்யும் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசு இணையதளத்தில் பதிவு இருக்கிறதா என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். 2009-லிருந்து அது கட்டாயம். ட்ரயலால் பாதிப்பு வந்தால் சிகிச்சைக்கும் நஷ்டஈட்டுக்கும் மருந்து ட்ரயல்களுக்கான 2019 அரசு விதிகளில் இடம் இருக்கிறது.

சரி, என் ஆதங்கத்துக்கு வருகிறேன். எந்த இடம் என்று சொல்லமாட்டேன். ரத்தம் எடுக்கும்வரை போன் மேல் போன். எடுத்த அப்புறம் மூச்சே இல்லை. என்ன தெரியவந்தது? ஒன்றும் தெரியவில்லை என்றால் அதையாவது சொல்லலாமே! நோய் திரும்புமோ என்று லேசான முதுகுவலிக்கே நடுங்குகிறவர்கள் நாங்கள். யாரும் பேசாமல் இருந்தால், 'ரத்தத்தில் ஏதோ இருக்கு, மறைக்கிறாங்க' என்றுதான் ராத்திரியில் மனசு போகும். ஊசி வலி அன்றே போய்விட்டது, இது போகவில்லை.

இப்போது, மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு வரும் கை வீக்கத்துக்கான உடற்பயிற்சி பற்றி வேறொரு ஸ்டடிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போவேன். கையெழுத்துப் போடும் முன் ஒன்று கேட்கப்போகிறேன்: முடிவை எங்களுக்கு எப்போது, எப்படிச் சொல்வீர்கள்? வாட்ஸ்அப்பில் தமிழில் நாலு வரி போதும்.