முதல் இலை யாருக்கு? பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "இருண்ட எதிர்காலம் சொல்லும் கதைகளில் மனிதனை அதிகம் நசுக்குவது அரசின் கண்காணிப்பா, கட்டாயச் சமத்துவமா?" இதுதான் தலைப்பு. கட்டாயச் சமத்துவமே என்பது எங்கள் அணி.

எதிரணிப் பேராசிரியர், அரசு எந்நேரமும் மக்களை வேவு பார்க்கும் ஆர்வெல்லின் '1984' நாவலைக் காட்டிப் பயமுறுத்திவிட்டு, போகிற போக்கில் ஒன்று சொன்னார்: "சமத்துவம் என்றாலே இவர்களுக்கு வயிறு எரிகிறது. பந்தியில் முதல் இலை போய்விடுமோ என்ற கவலை!" நல்ல கைதட்டல். நானும் தட்டினேன். பதில் வருகிறது, பொறுங்கள். முதலில் ஒரு கதை.

அமெரிக்க எழுத்தாளர் கர்ட் வானகட்டின் 'ஹாரிசன் பெர்ஜரான்', 1961-ல் வெளிவந்தது. கதை நடக்கும் ஆண்டு 2081. அரசியல் சட்டத்தில் 211, 212, 213-ஆவது திருத்தங்கள் வந்து எல்லோரும் சமமாகிவிட்டார்கள். எப்படி? பலமுள்ளவனுக்கு எடை மூட்டை. அழகானவர்களுக்கு முகமூடி. அவ்வளவுதான், வேலை முடிந்தது.

அங்கே ஜார்ஜ் என்று ஒருவர். செய்த குற்றம், யோசிக்கத் தெரிந்தது. அதனால் காதில் ஒரு ரேடியோ. சுமார் 20 நொடிக்கு ஒருமுறை அரசாங்கமே சத்தம் அனுப்பும். இப்போது நான்தான் ஜார்ஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். "நடுவர் அவர்களே, எங்கள் வாதம் என்னவென்றால்..." டமார்! 21 குண்டு மரியாதை. எங்கே விட்டேன்? ஆங், "எங்கள் வாதம்..." டங்! பால் பாட்டிலைச் சுத்தியலால் அடிக்கிற சத்தம். எதிரணியில் சிலர் காதில் ஒன்றும் மாட்டாமலேயே வாதத்தை மறந்தார்களே, அது தனித் திறமை!

ஜார்ஜின் மனைவி ஹேசல் சராசரி அறிவு என்பதால் ரேடியோ இல்லை. அந்த அம்மாவுக்கு அதில் ஒரு பொறாமை. விதவிதமாகச் சத்தம் கேட்கலாமே, நான் அதிகாரியாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மணியோசை போடுவேன், சாமிக்கு மரியாதையாக இருக்கும் என்கிறார். அப்புறம் டிவி. செய்தி வாசிப்பவருக்குத் திக்குவாய். முக்கி முக்கிப் பார்க்கிறார், முடியவில்லை. தாளை ஒரு நடனப் பெண்ணிடம் கொடுக்கிறார். அவள் வாய் திறந்தால் இசை மாதிரிக் குரல்! உடனே மன்னிப்புக் கேட்டுவிட்டு, கரகரவென்று மாற்றி வாசிக்கிறாள். நல்ல குரலுக்கு மன்னிப்பு! அங்கே பிறந்திருந்தால் எம்.எஸ். அம்மா ஒவ்வொரு கச்சேரிக்கும் எத்தனை மன்னிப்புக் கேட்டிருப்பார்?

இப்போது இலைக்கு வருகிறேன், பேராசிரியரே. எல்லோருக்கும் ஒரே பந்தி என்றால் கடைசி இலையில் உட்காருவேன், பாயசம் தீர்ந்திருந்தாலும். 2081-ல் போட்டது பந்தியா? ஒருவருக்குப் பல் இல்லை என்பதற்காக, வந்தவர்கள் எல்லோருக்கும் வாசலிலேயே பல்லைப் பிடுங்கும் கல்யாண வீடு அது! முதல் ஆளுக்குப் பல் முளைத்ததா என்றால், அதுவும் இல்லை. பந்தி விசாரிப்பவர் யார்? டயானா மூன் கிளாம்பர்ஸ், எல்லோரையும் சமப்படுத்தும் அதிகாரி. கையில் இரட்டைக் குழல் துப்பாக்கி. அவர் கழுத்தில் மூட்டை இருந்ததா? கதையில் ஒரு வார்த்தை இல்லை. முதல் இலை யாருக்கு என்று புரிகிறதா?

மணி அடித்துவிட்டது, தெரிகிறது. ஒரு நிமிடம் கொடுங்கள்.

ஜார்ஜ் கழுத்தில் 47 பவுண்டு ஈயக் குண்டுகள் நிறைந்த மூட்டை. ஒரு குண்டை எடுத்தால் இரண்டு ஆண்டு சிறை, 2,000 டாலர் அபராதம். களைத்துப்போன புருஷனைப் பார்த்து ஹேசல் சொல்கிறார்: "மூட்டையைத் தலையணைமேல் வைத்துப் படுங்க. கொஞ்ச நேரம் நீங்க எனக்குச் சமமா இல்லாட்டிப் பரவாயில்லை." எந்தச் சட்டத் திருத்தத்தால் இந்த மனசைக் கொடுக்க முடியும்?

அவர்கள் பிள்ளைதான் ஹாரிசன். 14 வயது. சிறையிலிருந்து தப்பி டிவி நிலையத்துக்கு வந்து, எடைகளைப் பிய்த்து எறிந்துவிட்டு ஆடுகிறான். டயானா சுடுகிறார். பெற்றவள் அதை டிவியில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சமையலறையிலிருந்து பீரோடு வரும் ஜார்ஜ், அழுதாயா என்கிறார். ஆமாம். எதற்கு? மறந்துபோச்சு, டிவியில் ஏதோ சோகம்.

காதில் ரேடியோ இல்லாத ஹேசல் ஏன் மறந்தார் என்று பேராசிரியர் எழுந்து கேட்பார். கேட்கட்டும். எனக்குப் பதில் தெரியாது. இந்த அவையில் பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறீர்கள், நீங்கள் சொல்லுங்கள். '1984'-இன் நாயகன் வின்ஸ்டனுக்கு, வீட்டுக்குள்ளேயே வேவு பார்க்கும் டெலிஸ்கிரீன் திரையின் கண்ணில் படாத ஒரு மூலையும் ஒரு டைரியுமாவது இருந்தன. இந்தத் தாய்க்குத் தன் பிள்ளைக்காகத்தான் அழுதோம் என்பதுகூட இல்லை. தீர்ப்பு உங்கள் கையில், நடுவர் அவர்களே. வணக்கம்.