வீட்டுப் பேச்சும் ஆங்கிலத் தேர்ச்சியும்

(மார்த்தாண்டத்தில் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் பேசியது)

தாய்மார்களே, பெரியவர்களே, ஆசிரியர்களே, வணக்கம்.

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வருபவர்களிடம் "வீட்டில் என்ன பேசுவீர்கள்?" என்று கேட்டால், இப்போதெல்லாம் பலர் தயங்குகிறார்கள். "கொஞ்சம் இங்கிலீஷும் பேசுவோம்" என்று அவசரமாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். அந்தத் தயக்கம் வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

1956 நவம்பர் 1-ல் நம் குமரி மாவட்டத்தின் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலம்) இணைந்தன. மாநில எல்லை மாறியதே தவிர வீட்டுப் பேச்சு மாறவில்லை. களியக்காவிளைப் பக்கம் அம்மா மலையாளத்தில் கூப்பிடுவார், அப்பா தமிழில் பதில் சொல்வார். தூத்தூர்க் கடற்கரைப் பேச்சு ஒரு விதம், பேச்சிப்பாறை மலையில் காணிக்காரப் பழங்குடியினரின் பேச்சு இன்னொரு விதம். இப்படி வளர்ந்த நம் பெண்கள்தான் நர்சிங் படித்து, ஆங்கிலத் தேர்வு எழுதி, வளைகுடாவிலும் இங்கிலாந்திலும் வேலை பார்க்கிறார்கள்.

அமெரிக்கக் கணக்கெடுப்பில் 1980 முதல் வீட்டு மொழியையும் ஆங்கிலத் தேர்ச்சியையும் தனித்தனியாகக் கேட்கிறார்கள். ஐந்து வயதுக்கு மேற்பட்டவர் வீட்டில் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசுகிறாரா, அது எந்த மொழி, ஆங்கிலம் எவ்வளவு நன்றாகப் பேசுவார் என்று மூன்று கேள்விகள். வேறு மொழி பேசும் வீட்டினரில் பாதிக்கும் மேற்பட்டோர் ஆங்கிலம் 'மிக நன்றாக' வரும் என்றே சொல்கிறார்கள். நம் நாட்டுக் கணக்கெடுப்பில் தாய்மொழியும், தெரிந்த வேறு மொழிகள் இரண்டும் கேட்பார்கள். எவ்வளவு தெரியும் என்று கேட்பதில்லை. அதைப் பள்ளிதான் கவனிக்க வேண்டும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. ஆங்கிலம் அதிகம் தெரியாத அம்மா, பிள்ளைக்காகத் தன் பேச்சைச் சுருக்கிக்கொள்கிறார். 'கம்', 'ஈட்', 'ஸ்லீப்', அதோடு சரி. தன் மொழியில் என்றால் அதே அம்மா, அப்பா ஏன் இன்று கடலுக்குப் போகவில்லை, காற்று மாறினால் என்ன ஆகும், மழை பெய்யும்போது ரப்பர் மரத்தில் ஏன் பால் வெட்டுவதில்லை என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போவார். காரணம் கேட்கவும் யோசிக்கவும் பிள்ளை பழகுவது அந்தப் பேச்சில்தான். அது இல்லாத பிள்ளைக்கு ஆங்கிலப் பாடத்தில் வரிகள் வாசிக்க வரும், பொருள் பிடிபடாது.

ஆங்கிலம் கட்டாயம் வேண்டும். அதைக் கற்றுத்தரும் பொறுப்பை வீட்டின் தலையில் கட்டக் கூடாது. வகுப்பில் எல்லாப் பிள்ளையும் தினமும் வாய்விட்டு வாசிக்க வேண்டும், தப்பானாலும் பேச வேண்டும், யாரும் சிரிக்கக் கூடாது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டு சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழிக்கு ஒரு கட்டம், பிள்ளையின் ஆங்கில நிலைக்கு ஒரு கட்டம் என்று தனித்தனியாகப் போடுங்கள். இரண்டாவது கட்டத்தைப் பெற்றோரிடம் கேட்டு நிரப்பாமல், பிள்ளையோடு பத்து நிமிடம் பேசி நீங்களே நிரப்புங்கள்.