ஸ்டிக்கர் முன்வாசலில், ஆள் டீக்கடையில்

நடுவர் அவர்களுக்கும் சபைக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேரே வருகிறேன். கொரோனாவில் வீட்டுக்குள் இருக்கச் சொன்னபோது மக்கள் மதித்தார்களா, ஏய்த்தார்களா? மதித்தார்கள் என்பது எங்கள் அணி.

எதிரணித் தம்பி என்ன சொன்னார்? "கொரோனா வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்தால்தான் நம்ம ஆள் அடங்குவான், ஸ்டிக்கர் முன்வாசலில் இருக்கும், ஆள் பின்வாசல் வழியாக டீக்கடையில் இருப்பான்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். தட்டுங்கள், தப்பில்லை. ஆனால் தம்பி, ஆளை டீக்கடை வரைக்கும் கூட்டிப்போனீர்களே, அங்கே அவருக்கு டீ கிடைத்ததா என்று விசாரித்தீர்களா?

எங்கள் தெருவில் ஒரு பெரியவர். சென்னை, 2020 ஜூலை, டீக்கடையில் பார்சல் மட்டும்தான். மகனுக்குக் கொரோனா என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று, மாநகராட்சிக்காரர்கள் வந்து கதவில் ஸ்டிக்கர் ஒட்டி 14 நாள் யாரும் வெளியே வரக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மனிதர் மூன்று நாள் தாங்கினார். நாலாம் நாள் விடியற்காலை கிளம்பிவிட்டார். முகத்தில் மாஸ்க், அதற்கு மேல் மருமகளின் துப்பட்டா, அதற்கும் மேலே ஹெல்மெட். வண்டி எங்கே என்கிறீர்களா? வண்டியே கிடையாது, ஹெல்மெட் மட்டும்தான்! கையில் தூக்குவாளியோடு நடந்தே போகிறார். கடையில் குரலை மாற்றிக்கொண்டு, "தம்பி, ரெண்டு டீ. டிகாஷன் தூக்கலா, சக்கரை அரை, நுரை வேண்டாம்."

டீ மாஸ்டர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ஐயா, வீட்டுக்குப் போங்க."

"என்னை எப்படிப்பா கண்டுபிடிச்சே?"

"இந்த ஏரியாவிலேயே நுரை வேண்டாம்னு கேட்கிறது நீங்க ஒருத்தர்தான்!"

இருங்கள், இன்னும் முடியவில்லை. திரும்பி வரும் வழியில் இஸ்திரிக்காரர், "ஐயா, ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே?" பால் போடுகிற பையன், "தாத்தா, ஸ்டிக்கர்!" கோலம் போடுகிற அக்கா கோலமாவோடு எழுந்து நிற்கிறார். வீட்டு வாசலிலோ துப்பட்டாவைக் காணோம் என்று மருமகள். அந்த விசாரணைக்கு இ-பாஸ்காரனே தேவலை.

தம்பி, ஏய்த்தது ஒருத்தர், விரட்டியது ஒரு தெரு. இந்தக் கதையை உங்கள் அணி எப்படித் தன் கணக்கில் எழுதியது?

2020 ஏப்ரல் 25 அன்று கடைகளில் கூடிய கூட்டத்தைத் தம்பி சொன்னார். 26-லிருந்து சென்னையில் நாலு நாள் முழு அடைப்பு என்று 24-ஆம் தேதி அறிவித்தால், ஜனம் காய்கறி வாங்கக் கடைக்கு ஓடாமல் என்ன செய்யும்? மே 7 டாஸ்மாக் வரிசையையும் சொன்னார். கடையைத் திறந்தது யார், நானா? மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. அதையும் மக்கள் தலையில் கட்டாதீர்கள்.

ஒற்றை அறையில் ஆறு பேர், நாலு குடும்பத்துக்கு ஒரே கழிப்பறை, அங்கே போய்த் தனி அறையில் இரு என்று சொன்னோம். இருக்கப் பார்த்தார்கள் சார். வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் சம்பளம் போனாலும் இருந்தார்கள். ரேஷன் கார்டுக்குக் கொடுத்த 1000 ரூபாய் எத்தனை நாளைக்குக் காணும்?

அந்தப் பெரியவர் கதையில் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போன மகன் திரும்பி வரவில்லை. சேதி வந்தபோது 14 நாள் முடியவில்லை. பின்வாசல் திறந்துதான் கிடந்தது. தெருவில் ஒருத்தரும் தடுத்திருக்க மாட்டோம், "நீங்க போங்கய்யா" என்று இஸ்திரிக்காரரே சொன்னார். ஒரு டீக்காக ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வந்த மனிதர், பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்கப் போகவில்லை. "எனக்கும் இருந்துச்சுன்னா, சுடுகாட்டுல வேலை பாக்குற பிள்ளைங்களுக்கு வந்துடும்பா" என்றார்.

நடுவர் அவர்களே, இவரையும் ஏய்த்தவர்கள் பட்டியலில் சேர்க்கத் தம்பிக்கு மனசு வந்தால் சேர்த்துக்கொள்ளட்டும். மணி அடித்துவிட்டீர்கள். நன்றி, வணக்கம்.