முதல் சத்தம்

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் கேத்திப் பக்கம் படப்பிடிப்பு புதிதில்லை. ஒரு நாள் காலை, மரங்களுக்கு நடுவே போகும் பாதையில் ஒரு ஜோடி நடந்து வருவதை எடுத்தார்கள். மூடுபனி அப்போதுதான் விலகிக்கொண்டிருந்தது. அது காதல் படமா பேய்ப் படமா என்று, வேடிக்கை பார்த்த எங்களுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. இசை இல்லையே! அதே காட்சிக்குப் புல்லாங்குழலைச் சேர்த்தால் மனசு இளகும். அடித்தொண்டையில் உறுமுவதுபோல ஒரே சுரத்தை இழுத்துவிட்டால், இருவரில் ஒருவர் வீடு திரும்பமாட்டார் என்று வயிறு கலங்கும்.

பாலு மகேந்திரா 1980இல் ‘மூடுபனி’ என்றே பெயர் வைத்துக் கொலைகாரன் கதை எடுத்தார். 1982இல் ‘மூன்றாம் பிறை’யில் நீலகிரியின் அதே குளிர், அதே பனி நம்மை அழவைத்தது. பனிக்கென்று தனியாக ஒரு குணம் கிடையாது. அதை எந்தக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று படத்தின் தொடக்கம்தான் நமக்குப் பழக்குகிறது.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் 1954இல் வந்த ‘அந்த நாள்’. எஸ். பாலசந்தர் இயக்கியது, பாட்டே இல்லாத படம். சின்ன வயதில் தொலைக்காட்சியில் அதை நான் பாதியிலிருந்துதான் பார்த்தேன். தம்பி சொத்தில் பங்கு கேட்கிறான், அண்ணன் மறுக்கிறான். சரி, குடும்பச் சண்டை என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அம்மாதான், “ஆரம்பத்துல துப்பாக்கிச் சத்தம் கேட்டுச்சே, நீ கேக்கலையா?” என்றார்.

அந்த ஒரு சத்தத்தில் எல்லாம் மாறிப்போகிறது. 1943ஆம் ஆண்டு, சென்னை. வானொலிப் பொறியாளர் ராஜன் சுடப்பட்டுச் செத்துக் கிடக்கிறார். அவராக நடித்தவர் சிவாஜி கணேசன். கதாநாயகனைத் தொடக்கத்திலேயே சாகடித்துவிட்டு ஒரு தமிழ்ப் படம்! அதற்கப்புறம் யார் வாய் திறந்தாலும், ‘இவர்தானோ?’ என்றுதான் கேட்கிறோம். வெறும் மனத்தாங்கலாகத் தெரிந்த சொத்துத் தகராறு, இப்போது கொலைக்கான காரணமாகத் தெரிகிறது. துப்பறியும் படம் என்பது கதையில் மட்டும் இருப்பதில்லை. நம் சந்தேகத்திலும் இருக்கிறது. அந்தச் சந்தேகத்தை ஒரே ஒரு வெடிச்சத்தம் கிளப்பிவிடுகிறது.

‘16 வயதினிலே’ ரயில் நிலையத்தில் காத்திருக்கும் கதாநாயகி மயிலோடு தொடங்குகிறது. பிறகுதான் கதை பின்னோக்கிப் போகிறது. அதனால் அவளுடைய பழைய சிரிப்பைப் பார்க்கும்போதும் நமக்குக் கொஞ்சம் வலிக்கிறது.

‘ரோஜா’ செய்வது வேறு. 1992இல் வந்த அந்தப் படம் காஷ்மீரில், ராணுவம் ஒரு தீவிரவாதியை வளைத்துப் பிடிப்பதோடு தொடங்கும். பிறகுதான் நம்மூர்க் கிராமம், வயல், சின்னச் சின்ன ஆசைகளைப் பாடும் பெண். அந்தப் பெண்ணுக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரியும். முதலிலேயே கிராமத்தைக் காட்டியிருந்தால் அந்தப் பாட்டு அழகான பாட்டாக மட்டும் இருந்திருக்கும். இப்போதோ, இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாதே என்று பதறிக்கொண்டே ரசிக்கிறோம்.

எழுத்து ஓடும்போதுதான் நம் வீடுகளில் டீ போட எழுந்து போவார்கள். நேயர்களே, தயவுசெய்து டீயை முன்னாலேயே போட்டுவிடுங்கள். அப்படியே எழுந்து போனாலும் சத்தத்தைக் குறைக்காமல் போங்கள். அடுப்படியிலிருந்தே கேட்டு, இது என்ன மாதிரிப் படம் என்று சொல்லிப் பாருங்கள்.

வணக்கம்.