ஆஃப்ரோபீட்: படையை வம்புக்கு இழுத்த தாளம்

[திரை: கருப்பு. ஒலி: ஷெக்கரே மட்டும், எட்டு விநாடி.]

சுரைக்குடுக்கை மேல மணி கோத்த வலை. அதைக் குலுக்கினா வர்ற சத்தம்தான் இது. பேரு ஷெக்கரே. இதை வாசிக்கிறவர் பாட்டு முடியிற வரைக்கும் ஒரே மாதிரிதான் வாசிக்கணும். பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம், சில சமயம் அதுக்கும் மேல. கை வலிக்கும், ஆனா மாத்தக் கூடாது.

ஒரு விஷயத்தை முதல்லயே பிரிச்சுக்கலாம். இப்போ ரீல்ஸ்ல வர்ற பர்னா பாய், விஸ்கிட் வகையறா 'ஆஃப்ரோபீட்ஸ்'. கடைசியில ஒரு 'ஸ்' இருக்கும். நாம பேசப்போறது அந்த 'ஸ்' இல்லாத ஆஃப்ரோபீட். 1960-கள் கடைசியில நைஜீரியாவோட லாகோஸ் நகரத்துல பாடகர் ஃபெலா குட்டியும் டிரம்மர் டோனி ஆலனும் உருவாக்கினது. மேற்கு ஆப்பிரிக்க நடன இசையான ஹைலைஃப், ஜாஸ், அமெரிக்கக் கறுப்பினத்தவரோட நடன இசையான ஃபங்க், தென்மேற்கு நைஜீரியாவோட யொருபா மக்களோட தாளம் எல்லாம் சேர்ந்த கலவை.

[திரை: 16 கட்டங்கள். ஒவ்வொன்றாக ஒளிர்கிறது.]

'தகதிமி'யை நாலு தடவை சொல்லுங்க. பதினாறு எண்ணிக்கை வந்துடுச்சா? அதுதான் ஒரு சுற்று. அந்தப் பதினாறையும் ஒரே ஆள் நிரப்பறதில்லை. டெனர் கிட்டார்னு சொல்ற ஒரு கிட்டார் ஒத்தை ஒத்தை சுரமா ஒரு சின்ன வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். அது விட்ட இடத்துல இன்னொரு கிட்டார், பல சுரம் சேர்ந்து ஒலிக்கிற கார்டுகளை வெட்டி வெட்டிப் போடும். பேஸ் கிட்டார் நாலு சுரம் பேசிட்டு வாயை மூடிக்கும். அந்த மௌனத்துக்குள்ள, கையால தட்டற காங்கா டிரம் வரும். டோனி ஆலன் கைக்கு ஒண்ணு, காலுக்கு ஒண்ணுன்னு நாலையும் நாலு வழியில ஓட்டுவார். ஸ்னேர் டிரம்ல காதுக்கு எட்டியும் எட்டாத சின்னச் சின்னத் தட்டுகள் விழும்.

இதை வாசிச்சுப் பார்க்கிற புது இசைக்குழுக்கள் வழுக்கற இடமும் இங்கதான். டிரம்மர் ரெண்டாவது, நாலாவது 'தகதிமி' தொடங்கற அடியில ஸ்னேரை ஓங்கி அடிச்சா அது வெறும் ஃபங்க். பேஸ் வாசிக்கிறவருக்குச் சும்மா இருக்க முடியாம இடைவெளியை நிரப்பினா காங்காவுக்கு இடமே இல்லை. கிட்டார்காரர் சலிச்சுப்போய் ஒரு சங்கதி சேர்த்தா மொத்தமும் குழம்பும். ஆளுக்குக் கொஞ்சமா வாசிச்சாத்தான் கூட்டமா ஒலிக்கும்.

[ஒலி: ஊதுகருவிகள் நுழைகின்றன.]

சரி, இதுல அரசியல் எங்க வருது? அப்போ நைஜீரியாவை ஆண்டது ராணுவம். ஃபெலாவோட 'ஜாம்பி', அதாவது நடைப்பிணம், பாட்டை எடுத்துக்குவோம். நீளம் பன்னிரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல, இசைத்தட்டோட ஒரு பக்கம் முழுக்க. பாட்டு பாதியை நெருங்கும்போதுதான் ஃபெலா வாயைத் திறப்பார். அதுக்குள்ள கேக்கிறவனோட உடம்பு தாளத்துக்குள்ள போயிடும். அப்புறம் அவர் பாடறது வசையே இல்லை, பரேட் மைதானத்துக் கட்டளைகள். அட்டென்ஷன், இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு, சல்யூட் அடி! நடுநடுவுல பெண்கள் குழு 'ஜாம்பி'ன்னு பதில் போடும். சொல்லாம நடக்காது, சொல்லாம நிக்காது, சொல்லாம யோசிக்காதுன்னு சிப்பாயைப் பத்தி ஒரு கேலி. இதைத் தெருப்பையன் மனப்பாடம் பண்ண ஒரு தடவை கேட்டா போதும். காக்கிச்சட்டையைப் பார்த்ததும் கையைக் காலை விறைச்சுக்கிட்டு நடந்து காட்டலாம்.

மொழியும் கணக்குப் போட்டு எடுத்ததுதான். யொருபாவுல பாடினா நாட்டோட தென்மேற்கு மூலையைத் தாண்டாது. உள்ளூர்ப் பேச்சு கலந்த பிட்ஜின் இங்கிலீஷ்ல பாடினா சந்தைக்காரம்மா, டிரைவர், ஏன், கேலிக்கு ஆளான சிப்பாய் வரைக்கும் புரியும். நஷ்டமும் உண்டு. ரேடியோவுக்கு இவ்வளவு நீளம் ஆகாது, நாலு நிமிஷமா வெட்டினா சொல்ல வந்தது வர்றதுக்கு முன்னாடியே பாட்டு முடிஞ்சுடும். அதனால பாட்டு வாழ்ந்தது இசைத்தட்டுலயும், லாகோஸ்ல அவர் நடத்தின 'ஷ்ரைன்' கிளப்லயும்தான்.

[திரை: லாகோஸ் வரைபடம். தேதி: 18 பிப்ரவரி 1977.]

ஃபெலா தன்னோட வீட்டைச் சுத்தி வேலி போட்டு, 'கலக்குட்டா குடியரசு'ன்னு பேரும் வச்சிருந்தார். அன்னிக்கு ஏறக்குறைய ஆயிரம் சிப்பாய்கள் அதைச் சூழ்ந்தாங்க. அடிச்சாங்க, கொளுத்தினாங்க. அவரோட அம்மா ஃபுன்மிலாயோ ரான்சம்-குட்டியை மாடி ஜன்னல் வழியாத் தூக்கி வீசினாங்க. விசாரணைக் குழு கடைசியில கைகாட்டினது பேர் தெரியாத ஒரு சிப்பாயை. அந்தத் தீர்ப்பே 'அன்னோன் சோல்ஜர்'னு பின்னாடி ஒரு பாட்டாச்சு. 1978-ல அக்ரா நகரத்துல 'ஜாம்பி' பாடும்போது கலவரம் வெடிச்சு, கானா நாட்டுக்குள்ளயே அவருக்குத் தடை வந்தது.

அந்த அம்மாவைத் தனியாப் பார்க்கணும். 1940-கள் கடைசியில நைஜீரியாவோட அபேயோகுட்டா ஊர்ல பெண்கள் மேல போட்ட வரியை எதிர்த்து ஆயிரக்கணக்கான பெண்களைத் திரட்டினவங்க. அரண்மனை வாசல்ல உக்கார்ந்து அந்த ஊர் அரசரை ஏசிப் பாட்டுப் பாடியே, 1949-ல அவரை அரியணையை விட்டு இறங்க வச்சாங்க. ஃபெலாவோட போராட்டப் பாட்டுக்கு அமெரிக்காவுல சந்திச்ச கறுப்பின இயக்கத்தைக் காரணமாச் சொல்றது வழக்கம். 1969 பயணம் அவரை மாத்தினது நிஜம்தான். ஆனா அதிகாரத்தோட வாசலுக்கே போய்ப் பாடற வழி வீட்லயே இருந்தது. 1978-ல அம்மா இறந்துட்டாங்க. 1979-ல மகன் ஒரு சவப்பெட்டியைத் தூக்கிட்டுப் போய், ராணுவ ஆட்சியோட தலைமையிடமான டோடன் பாரக்ஸ் வாசல்ல வச்சார். அதுவும் பாட்டாச்சு.

இவ்வளவுக்கும் நடுவுல 1978-ல ஒரே நாள்ல 27 பெண்களைக் கல்யாணம் பண்ணிக்கிட்டவரும், 'லேடி' பாட்டுல சமத்துவம் கேட்ட பெண்களைக் கிண்டல் பண்ணவரும் இதே ஃபெலாதான். அந்த அம்மாவுக்கு இப்படி ஒரு பிள்ளையான்னு கேக்கத் தோணும். அவரைக் கொண்டாடற வீடியோக்கள் இதை நைசாத் தாண்டிப் போயிடும்.

[திரை: 1984.]

வெளிநாட்டுக் கச்சேரிக்குக் கிளம்பினவரை லாகோஸ் விமான நிலையத்துல பிடிச்சு, பணம் கடத்தினதா வழக்குப் போட்டாங்க. அஞ்சு வருஷத் தண்டனை. 20 மாசம் உள்ள இருந்தார். கைதானப்ப நாட்டை ஆண்ட ராணுவத் தலைவர் முஹம்மது புஹாரி. ஃபெலா 1997-ல காலமானார்.

[திரை: 2020 அக்டோபர், லாகோஸ் தெருக்கள். ஒலி: ஷெக்கரே.]

சார்ஸ்ங்கிற போலீஸ் படையோட அட்டூழியத்துக்கு எதிரா இளைஞர்கள் தெருவுக்கு வந்தாங்க. ஊர்வலத்துல ஃபெலாவோட பழைய பாட்டுகளும் ஒலிச்சது. அப்போ நைஜீரியாவோட ஜனாதிபதி, தேர்தல்ல ஜெயிச்சு வந்திருந்த அதே முஹம்மது புஹாரி.